எங்கள் வீட்டு டிரைவர்

மார்ச் 9, ஞாயிறு

காரில் படுக்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. நன்றாகத் தூங்குகிறேன். இதை எழுத எனக்கு வெட்கமே இல்லை.

வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் மகள் பவித்ரா, இன்னொன்றில் நானும் ரஞ்சனியும். ஹாலில் படுத்தாலும் என் குறட்டை இரண்டு கதவையும் தாண்டுகிறதாம். "மிக்சி ஓடுற மாதிரின்னுகூட சொல்ல முடியாதுங்க, மிக்சின்னா நிறுத்திடலாம்" என்றாள் ரஞ்சனி. அவள் பள்ளிக்கூட டீச்சர். தூக்கம் கெட்டால் மறுநாள் பிள்ளைகள் பாடு திண்டாட்டம். வாசலில் கார் சும்மாதான் நிற்கிறது. முன் சீட்டைச் சாய்த்தால் கட்டில். யாருக்கு என்ன நஷ்டம்?

மார்ச் 13

ரோந்து வந்த போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டி எழுப்பினார். "ஊதுங்க" என்றார். ஊதினேன். ரசம் வாசனைதான் போயிருக்கும்.

"கார்ல தூங்கக் கூடாது சார்."

"எந்தச் சட்டத்துலங்க?"

கொஞ்சம் யோசித்தார். "பாக்கிறவங்களுக்குச் சந்தேகம் வரும்ல?"

என் வீட்டு வாசல், என் கார், என் தூக்கம். இதில் ஊருக்கு என்ன சந்தேகம்? எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் பாவம், சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மார்ச் 14

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் ஸ்டேஷனரிக் கடைக்கு மேல்மாடியில் வக்கீல் பெனடிக்டின் ஆபீஸ். விடாமல் போய்க் கேட்டேன்.

"தூங்குறது குத்தமில்லைங்க. நிறுத்தக் கூடாத இடத்துல நிறுத்துனா குத்தம். குடிச்சுட்டு ஸ்டியரிங் முன்னால சாஞ்சு கிடந்தா வம்பு. போலீஸ் எழுப்பி யாருன்னு கேட்டா பதில் சொல்லிட்டு மறுபடி தூங்குங்க."

வெற்றி! ரஞ்சனியிடம் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மார்ச் 18

புழுக்கம் தாங்காமல் நேற்று இன்ஜினைப் போட்டு ஏசியில் படுத்தேன். சத்தம் கேட்டு ரஞ்சனி ஓடி வந்துவிட்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"சட்டம் விட்டாலும் புகை விடாதுங்க. உள்ள வந்தா வாசனைகூடத் தெரியாதாம். தூங்கின மாதிரியே போயிடுவீங்க."

இனிமேல் கார் சாவி அவளிடம். கண்ணாடியை நாலு விரல் இறக்கி, இடுக்கில் கொசுவலைத் துணியைச் செருகிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போகிறாள். கதவை உள்ளிருந்து நான் திறந்துகொள்ளலாம். ஒப்புக்கொண்டேன். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு எப்படி மறுப்பது?

மார்ச் 30, ஞாயிறு

பவித்ரா ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். கூட வேலை பார்க்கிறான். பெயர் சித்தார்த்தன். அவன் அப்பா பெயர் பிச்சை. பூர்வீகம் வையம்பட்டி, இப்போது புத்தூரில் ஹார்டுவேர்ஸ் கடை. அடுத்த மாதம் பெண் பார்க்க வருவார்களாம். சொல்லும்போது அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். அவ்வளவு பிடித்திருக்கிறது. எனக்கும் சந்தோஷம்தான்.

ஏப்ரல் 3

இன்று ஒரு காரியம் செய்தேன். நல்ல காரியம் என்றுதான் நினைக்கிறேன்.

விடிந்தும் விடியாமலும் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். வெள்ளை வேட்டி, பெரிய மனிதர். நான் லுங்கி, பனியன், தோளில் துண்டு.

"என்னப்பா, இந்த வீட்டு டிரைவரா?"

தூக்கக் கலக்கத்தில் தலையை ஆட்டிவிட்டேன். அடுத்து அவர் "பொண்ணு எப்படி?" என்றதும் கலக்கம் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்! சம்பந்தம் பேசுமுன் தெருவில் விசாரிப்பது வழக்கம்தானே. நானாக இருந்தாலும் விசாரிப்பேன். இப்போது போய், நான்தான் பெண்ணைப் பெற்றவன் என்றால் அவருக்குத்தான் சங்கடம். டிரைவராகவே இருந்துவிட்டேன். பொண்ணு தங்கம் என்றேன். அம்மா கெட்டிக்காரங்க என்றேன். ஐயாவைப் பற்றியும் குறை வைக்கவில்லை.

"உள்ள படுக்கக் கூடாதா?"

"குறட்டை விடுவேன்னு அம்மா வேணாம்னுட்டாங்க."

"கார் சாவி?"

"அம்மாகிட்ட."

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். யாரிடமும் சொல்லவில்லை. நாள் முழுக்கச் சிரிப்பாக வந்தது.

ஏப்ரல் 5

பவித்ரா சாப்பிடவில்லை. பெண் பார்க்க வரவில்லை என்று சித்தார்த்தன் வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அவன் அப்பா பிடிவாதமாக இருக்கிறாராம். அந்தக் காலத்தில் லாரி கிளீனராக முதலாளி வீட்டு வாசலில், லாரிக்குள்ளேயே படுத்துக் கிடந்தவராம். 'வேலைக்காரனுக்கு உள்ளே ஒரு பாய் போட மனசில்லை, சாவியைக்கூட நம்பிக் கொடுக்கவில்லை, அந்த வீட்டில் சம்பந்தம் வேண்டாம்' என்றாராம்.

அழுதுகொண்டே கேட்டாள்: "அப்பா, நம்ம வீட்ல டிரைவர் யாருப்பா?"

ஐயோ. என் வாயாலேயே கெடுத்தேனே. எவ்வளவு நல்ல மனுஷன், அவர் வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளையை நானே...

உண்மையைச் சொன்னேன். ரஞ்சனி திட்டக்கூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 6

அதே லுங்கி, அதே பனியன், அதே துண்டு.

"சட்டையாவது போட்டுட்டுப் போங்க!" என்றாள் ரஞ்சனி.

"சட்டை போட்டா யாருன்னு தெரியாது" என்று வண்டியை எடுத்தேன்.

புத்தூரில் கதவைத் திறந்தவர் அவரேதான். "வாப்பா! வேலையை விட்டுட்டியா? நல்லது பண்ணுன. உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். காபி கொண்டுவரச் சொன்னார். நம் கடையிலேயே இருந்துகொள் என்றும் சொன்னார்.

"நான்தாங்க பவித்ராவோட அப்பா. ரங்கநாதன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப சாவி?"

"ஏசி போட்டுத் தூங்கி, புகையில செத்துடுவேன்னு வாங்கி வச்சுக்கிட்டா."

காபியோடு வந்த அம்மாள்தான் முதலில் சிரித்தார். டம்ளர் ஆடிக் காபி தளும்பியது. பிறகு இவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க இப்படிப் பண்ணலாமாங்க?" என்றார். 'நீ' போய் 'நீங்க' வந்ததும் எனக்கு உயிர் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது, மறுவீடும் முடிந்தது. பவித்ரா தினமும் போனில் பேசுகிறாள், குரலிலேயே சிரிப்பு தெரிகிறது. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை.

"இனிமே எதுக்குங்க கார்? அந்த ரூம் காலியாத்தானே இருக்கு" என்று ரஞ்சனி புது விரிப்புப் போட்டு வைத்திருந்தாள். கட்டில், ஃபேன், பூட்டிக்கொள்ளக் கதவு. நேற்று அங்கே படுத்தேன்.

காலையில் காபியோடு வந்து நின்றாள். "குறட்டையே கேக்கலையே. தூங்கலையா?"

"இல்லை. நீ நல்லாத் தூங்குனியா?"

"எங்க? சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டே கிடந்தேன்" என்றாள்.