கண்ணாடித் துண்டுகளில் என் இரத்தம்

தை 8, செவ்வாய்

விடிய மழை. விறகு ஈரம். கொழும்பில் டாக்குத்தருக்குப் படித்துக்கொண்டு எங்கள் ஊரில் வந்து தங்கியிருக்கும் தம்பிக்கு நான்தான் சமையல். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எவ்வளவு தூள் போட்டாலும் உறைப்புக் காணாதாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் விரலைக் குத்தி, இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி, மலேரியாக் காய்ச்சல் கிருமி தேடுகிறார். அவரைப் படிப்பிக்கும் பெரிய டாக்குத்தர் ஏவிய ஆராய்ச்சி. கிருமி கண்ட ஊருக்குக் கொயினா மருந்து வருமாம்.

"நுளம்பும் இதைத்தானே செய்யுது தம்பி. அதுக்கு ஆர் படிப்பிச்ச?" என்றேன். தேத்தண்ணி புரைக்கேறச் சிரித்தார்.

தை 9

கண்ணாடித் துண்டுப் பெட்டி நிறைய எறும்பு. பூசிய இரத்தம் முழுக்கத் தின்றுவிட்டது. "எறும்பும் டாக்குத்தர் சோதினைக்குப் படிக்குது" என்றேன். தம்பி சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பெரிய டாக்குத்தர் பார்க்க வருகிறார்.

மறுபடி குத்த வீடு வீடாய்ப் போனோம். ஒருவரும் விடவில்லை. என் தங்கை பூமணியே படலையைச் சாத்தினாள். "ஒருக்காக் குத்தினது காணும் அக்கா. புள்ள காய்ச்சல்ல கிடக்கிறாள்."

உப்பு, மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

தை 10

தம்பி சாப்பிடவில்லை. மத்தியானம் கதவைச் சாத்தினார். "அக்கா, உங்கட விரலைத் தாங்கோ. இல்லாட்டி என்ர படிப்பு முடிஞ்சுது."

பாவமாக இருந்தது. கொடுத்தேன். பத்து விரலும் குத்து. "புள்ளயளுக்கெல்லாம் இனிப்புக் குடுத்தீங்க. எனக்கெங்க?" என்று பகிடி வேறு. ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு பிள்ளையின் பெயரை ஒட்டினார். பூமணியின் மகள் பெயரும்.

பின்னேரம் தேங்காய் துருவும்போதுதான் உறைத்தது. எனக்குக் காய்ச்சல் இல்லையே. மறுகா ஊருக்கு மருந்து எப்படி வரும்?

தை 11, வெள்ளி

பெரிய டாக்குத்தர் தோணியில் வந்தார். நல்ல மனிசன். மீன் சொதி இரண்டு தரம் கேட்டார். பிறகு கண்ணாடிகளை ஒவ்வொன்றாய்ப் பூதக்கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்த்தார். "ஒண்டிலயும் கிருமி இல்லை. அதிஷ்டமான ஊர்."

தம்பி உண்மையைச் சொல்வார் என்று நின்றேன். அவர் கண்ணாடிகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினார்.

பூமணி வீட்டுக்கு ஓடினேன். பிள்ளையைப் பாயோடு வாரிக்கொண்டு வந்து மேசையில் கிடத்தினேன். பூமணி பின்னால் கத்திக்கொண்டே வந்தாள்.

"ஐயா, இவளக் குத்திப் பாருங்க. நீங்க பாத்ததெல்லாம் என்ட ரத்தம்."

பெரிய டாக்குத்தர் பிள்ளையின் வயிற்றை அமத்திப் பார்த்தார். "மண்ணீரல் வீங்கிப்போச்சு." முகம் மாறியது. தம்பி பக்கம் திரும்பினார். "நீரே குத்தும்."

"கொஞ்சம் வெந்நீர்" என்றார் தம்பி என்னிடம். அக்கா என்று சொல்லவில்லை. கொண்டுபோய் வைத்தேன்.