எலுமிச்சைச் சாறு பட்ட கை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. வாண்டு நன்றாக இருக்கிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நீ பதறாமல் மேலே படிக்க வேண்டும் என்பதற்காக அதை முதலில் எழுதிவிட்டேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றிச் சொல்ல இந்தத் தடவை ஒன்றும் இல்லை. போன கடிதத்தில் உன் புருஷன் குழந்தையை அடிக்கிறான், முதுகில் அஞ்சு விரலும் பதிந்திருக்கிறது என்று எழுதினேன் அல்லவா, அது பொய். மாப்பிள்ளை அடிக்கவில்லை. அந்தத் தடம் என் கையுடையது, ஆனால் நானும் அடிக்கவில்லை, எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் உன் குரல் லேசாக மாறினால் போதும், நான் பாதியை முழுங்கிவிடுவேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா. எழுதிச் செய்த தப்பை எழுதியே ஒத்துக்கொள்கிறேன், நாளைக்கு மாப்பிள்ளையிடம் காட்ட உன் கையில் ஒரு காகிதமாவது இருக்கட்டும்.

வாண்டு காய்கறியைக் கண்டாலே வாயைப் பூட்டிக்கொள்கிறாள் என்று நான் புலம்பியபோது, ஊர்விட்டுப் போய் ஓட்டலில் நாள் பூராவும் சாலட் பிரிவில் நிற்கிறவளாயிற்றே, நீ அதற்கு ஊற்றுகிற டிரெஸ்ஸிங் செய்யச் சொல்லிக் கொடுத்தாய். அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். எலுமிச்சம்பழம் நாலு, ஆரஞ்சு ஒன்று, தோலைத் துருவும்போது மேல்தோல் மட்டும், வெள்ளை வந்தால் கசந்துவிடும், பிறகு அன்னாசிச் சாறு இரண்டு கரண்டி, தேன், மிளகுத்தூள், உப்பு, கடைசியில் எண்ணெய், எல்லாவற்றையும் ஜாம் பாட்டிலில் ஊற்றிக் கை வலிக்கக் குலுக்க வேண்டும். முதல் நாள் மூடியைச் சரியாகத் திருகாமல் குலுக்கித் தொலைத்தேன், கூரை, சுவர், என் மூக்குக்கண்ணாடி எல்லாம் சாறு, வாண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் செய்தவன், உன் அம்மா இருந்த காலத்தில் ஒரு தம்ளர் வெந்நீர்கூட வைத்தறியாதவன், இந்த வயதில் வெள்ளரிக்காய்க்கும் முட்டைக்கோசுக்கும் சாறு குலுக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அதை ஊற்றினால் குழந்தை தட்டை நக்காத குறைதான். எனக்குத் தலைகால் புரியவில்லை, தினமும் செய்தேன்.

பின்வாசலில் நல்ல வெயில் விழும், அது உனக்குத் தெரியும். மதியம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அவளை இறக்கிவிடுவேன், நான் படியில் உட்கார்ந்து பழத்தைத் துருவிப் பிழிவேன், ஒரே நேரத்தில் இரண்டு வேலை, பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. தாத்தா தூக்கு என்பாள், சாறு வழிகிற கையோடு அப்படியே அக்குளில் பிடித்தோ தொடையைத் தாங்கியோ தூக்கி வெளியே விடுவேன், ஈரம் காயட்டும் என்று சட்டை போடாமல் வெயிலில் ஓட விடுவேன். இதில் என்ன இருக்கிறது, எலுமிச்சம்பழம்தானே. இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் சட்டை மாற்றும்போது டீச்சர் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குழந்தையைத் திருப்பிக் காட்டினார். முதுகில் இரண்டு பக்கமும் விரல் விரலாகச் சிவந்து, ஓரத்தில் கொப்புளம். பெரிய ஆளோட கைங்க இது, வீட்டுல யார் யார் இருக்கீங்க என்று கேட்டார். நானும் அவள் அப்பாவும் என்றேன். நான் அவள்மேல் ஒரு விரல்கூட வைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும், அப்படியானால் பாக்கி ஒரே ஆள்தானே. முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடிப்பேன் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டவன், அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் குழந்தைகள் நல அதிகாரி அம்மா வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டார். மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து களைத்து வருவார், குழந்தை அம்மா வேணும் என்று அழுதால் சில சமயம் கத்துவார் என்று சொன்னேன், அது உண்மைதான், ஆனால் நானும்தான் கத்துவேன், அதைச் சொல்லவில்லை. கையெழுத்தும் போட்டேன். மாப்பிள்ளையைக் கேட்டார்கள், நான் அடிக்கலைங்க என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அப்புறம் வாயே திறக்கவில்லை. குற்றவாளி முழி முழிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உனக்கு எழுதினேன், கடிதம் கிடைத்த அன்றே நீ அவருக்குப் போன் போட்டு, நான் வர்ற வரைக்கும் நீங்க அந்த வீட்டுல இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாய். இரண்டு சட்டையும் தன் கருவிப் பையுமாகப் போனார். கூட வேலை பார்ப்பவரின் அறையில் நாற்பது நாளாகத் தரையில் படுக்கிறார். வாண்டுவைப் பார்ப்பதென்றால் அந்த அதிகாரி அம்மா கூட இருக்க வேண்டும், வாரத்துக்கு அரை மணி நேரம்.

அவர் போன மூன்றாவது வாரம் வாண்டுவைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன், தொடையில் புதிதாக மூன்று விரல். வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை. அடித்துவிட்டு மறந்துபோகிறேனா, மூளை கலங்கிவிட்டதா என்று பயந்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், இரண்டு நாள் அவளுக்கு நீளமான கால்சட்டை போட்டு மூடித்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை, தோல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், பார்த்தவுடனே வீட்ல எலுமிச்சம்பழம் பிழிவீங்களா என்று கேட்டாள். என்னம்மா விளையாடுறியா என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை, அந்தச் சாறு, முக்கியமாகத் தோலில் இருக்கிற சாறு, உடம்பில் பட்டு வெயிலும் பட்டால் வெந்துபோகும், அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவக்கும், பிறகு கறுத்து மாசக்கணக்கில் நிற்கும் என்றாள். என் உள்ளங்கை ஏன் வேகவில்லை என்று கேட்டேன், அங்கே தோல் தடிப்பு என்று சொல்லிக் கையைத் திருப்பிப் புறங்கையைக் காட்டினாள். திட்டுத் திட்டாகக் கறுத்துக் கிடந்தது. வயசாகிறது என்று நினைத்து அதை நான் சட்டையே செய்யவில்லை. அப்போதும் நம்பாமல் வீட்டுக்கு வந்து, சாற்றில் கையை நனைத்து என் தொடையில் வைத்து அழுத்திவிட்டு ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் காலையில் வேட்டியை விலக்கினால் என் தொடையில் என் கை. நீயும் அங்கே நாள் பூராவும் பிழிகிறவள், சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவாமல் வெயிலில் இறங்காதே. உன் செய்முறையில் குற்றம் இல்லை, அதை மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

டாக்டரின் கடிதத்தோடு அலுவலகத்துக்குப் போய் என் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன், வழக்கை முடித்துவிட்டார்கள். அங்கிருந்து நேராக மாப்பிள்ளை வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருந்தார், மேலே ஏறி வந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டார், கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். நீங்க நினைச்சது போகட்டும் மாமா, உங்க மக என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே என்றார். அவ்வளவுதான். நான் காலில் விழப்போனேன், தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். குழந்தையைப் பார்க்க வாங்க என்று கெஞ்சி அன்றைக்குச் சாயங்காலமே கூட்டி வந்தேன். இதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வளைத்திருக்கிறேன். வாண்டு அவரைப் பார்த்ததும் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் மண்டியிட்டுக் கையை நீட்டினார். அவள் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டி, அப்பா இங்க அடிச்சாங்க, வலிச்சுது என்றாள். பொய் சொல்லத் தெரியாத நாலு வயசு, மகளே. டீச்சர் கேட்டார், அதிகாரி கேட்டார், நான் தினமும் சோறு ஊட்டும்போது அப்பா அடிச்சாரா கண்ணு, சொல்லு, தாத்தா திட்டமாட்டேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் இல்லை என்றுதான் சொன்னாள். பத்து நாள் கழித்துத் தலையாட்டினாள். இப்போது அவளுக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. தாத்தாதான் தப்பா சொல்லிட்டேன், அப்பா அடிக்கலை என்று இப்போது ஆயிரம் தடவை சொல்கிறேன், சரி தாத்தா என்கிறாள், மறுநாள் கேட்டால் பழையபடி அடிச்சாங்க என்கிறாள். மாப்பிள்ளை அழவில்லை, அவள் சட்டையை இழுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் எழுதிய ஒரு வரியை நீ ஏன் உடனே நம்பினாய் என்று இந்த நாலு நாளாக யோசிக்கிறேன். உனக்குப் பதில் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டாம் வகுப்புப் படித்தபோது என் ரிப்போர்ட் புத்தகத்தில் பூப் படம் வரைந்தாய் என்று உன் முதுகில் அறைந்தேன். அந்தத் தடம் அடங்க ஒரு வாரம் ஆயிற்று, உன் அம்மா எண்ணெய் தடவிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள். அதைப் பற்றி நீயும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை, நீ மறந்திருப்பாய் என்று சௌகரியமாக நினைத்துக்கொண்டேன். டீச்சர் வாண்டுவைத் திருப்பியபோது நான் பார்த்தது அந்த முதுகைத்தான், அதனால்தான் இது அடி என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. உனக்கு விழுந்த அடியைக் கொடுத்தவன் நான். அவளுக்கு விழாத அடியையும் நானே கொடுத்துவிட்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை, அதற்கு அவசரமும் இல்லை. லீவு கிடைத்தால் கிளம்பி வா, நீ உன் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவதை வாண்டு தினமும் பார்க்க வேண்டும், என் பேச்சு இனிமேல் எதற்கும் உதவாது. நீ வரும்போது நான் வீட்டில் இருக்கக் கூடாது என்றால் அதையும் சொல், போய்விடுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரே கூரையின் கீழ் சிரித்துப் பேசிக்கொண்டு நீண்ட நாள் வாழ வேண்டும், வேறு வரம் எனக்கு வேண்டாம். மறந்துவிடாதே, கடிதம் கிடைத்ததும் முதலில் அவருக்குப் போன் செய், என்னிடம் அப்புறம் பேசலாம். நியாயம் பேசாதே, சமாதானமும் சொல்லாதே, நீங்க அடிச்சீங்களா என்று மட்டும் கேள். இல்லை என்பார். நம்புகிறேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா