ஞாயிற்றுக்கிழமை மூக்குகள்

ஜூன் 1, ஞாயிறு

பத்து மணிக்கே அனல். காளவாசல் சிக்னலில் நின்றபோது ஸ்கூட்டர் சீட் சுட்டது. திருப்பரங்குன்றம் போய்ச் சேர்வதற்குள் துப்பட்டா நனைந்துவிட்டது.

கே.பி. வீட்டு மாடி ஹால். ஏ.சி. ஆறு ஆண்கள், நான். ஏழாவது ஞாயிறு. இன்னும் எல்லோருக்கும் நான் 'மேடம்'தான். செந்தில் அண்ணன் மட்டும் 'தேவி' என்பார், அதுவும் தாழ்ந்த குரலில். எங்கள் கம்பெனி பர்ச்சேஸ் மேனேஜர். என்னை இந்த விஸ்கி ருசி பார்க்கிற கும்பலில் சேர்த்துவிட்ட புண்ணியவான்.

இங்கே சொல்லக் கூடாதவை: சரக்கு, கட்டிங், சைடு டிஷ், மப்பு.
சொல்ல வேண்டியவை: மால்ட், பேலட், ஃபினிஷ். வறுத்த முந்திரிக்குக்கூட ஒரு இங்கிலீஷ் பெயர் இருக்கிறது.
நாலாவது ரவுண்டுக்கு மேல் எல்லோரும் முதல் பட்டியலுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

கே.பி.க்கு கிரானைட் தொழில். உடம்பெல்லாம் சென்ட். அந்த சென்டை வைத்துக்கொண்டு எந்த விஸ்கியை மோந்து பார்ப்பது? கிளாஸைச் சுழற்றுகிறார், சுழற்றுகிறார், மூக்கை உள்ளே விடுவதே இல்லை. "தேன், ஓக், கொஞ்சம் ஸ்மோக்." போன வாரமும் அதேதான். அதற்கு முந்தின வாரமும்.

இன்று இரண்டாவது பாட்டில் கெட்டுப்போயிருந்தது. சொன்னேன். "கார்க் போயிருச்சு சார். நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிக்குது."

"மேடத்துக்கு ஸ்வீட்டா இருந்தாத்தான் பிடிக்கும்" என்றார் கே.பி. சிரிப்பு. ஆறு பேரும் அதையே ரசித்துக் குடித்தார்கள்.

கிளம்பும்போது கே.பி. படியில் வந்து பிடித்துக்கொண்டார். "அந்த அட்டை வாடைன்னீங்கள்ல, அதுக்கு இங்கிலீஷ்ல என்ன மேடம்?"

சாயங்காலம் அவர் ஸ்டேட்டஸ்: இன்று ஒரு பாட்டிலில் கார்க் பழுதைக் கண்டுபிடித்தேன். பல வருடப் பயிற்சி.

ஜூன் 4, புதன்

மழை வரும் போல இருந்து வரவில்லை. கம்பெனியில் மல்லிகை லோடு மூன்று. ஒன்று பழைய பூ, தண்ணீர் தெளித்து ஏமாற்றப் பார்த்தார்கள். திருப்பி அனுப்பினேன். பத்து வருடமாக இதுதான் வேலை. பூ தைலத்தை மோந்து பார்த்து, தேறும், தேறாது என்று எழுதுவது.

விஸ்கியும் அப்படித்தான் தொற்றியது. தைலம் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஜனவரியில் ஒரு பாட்டில் கொடுத்தார். குடிக்கவில்லை. வாசனை பார்க்கிற காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்தேன். மருந்துக்கடை. கடற்கரை. கருகிய கொட்டாங்குச்சி. எல்லாம் ஒரே சொட்டில். பிறகு விட முடியவில்லை.

மாலில் இருக்கிற பெரிய கடைக்குப் போய் நானே ஒன்று வாங்கினேன். "சாருக்கா மேடம்?" என்றான் விற்கிறவன். சாருக்குத்தான் என்றேன். எந்தச் சார் என்று அவனும் கேட்கவில்லை.

இப்போது இருபத்து மூன்று வகை. எல்லாம் சின்னப் பழுப்புக் குப்பிகளில், நம்பர் ஒட்டி, பீரோவில் சர்டிபிகேட் பைலுக்குப் பின்னால். அம்மா இன்று துணி அடுக்கும்போது கேட்டாள்: "அம்புட்டுக் குப்பியும் எதுக்குடி வீட்டுல?"

"கம்பெனி சாம்பிள்ம்மா."

அப்பா குடித்தே செத்தவர். நான் பிளஸ் டூ படிக்கும்போது. அம்மா வயல் வேலைக்குப் போய்த்தான் என்னை எம்.எஸ்சி. வரை கொண்டுவந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் 'ஃப்ரெண்டு வீட்டுக்கு' போகிறேன். வாயில் வைத்ததைத் துப்பிவிடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். முக்கால்வாசி துப்புகிறேன். கே.பி. கும்பலை ஏளனம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் செய்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பதினொன்றரை மணி இருக்கும். மூன்றாவது பாட்டில். ஐஸ் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாட்ச்மேன் முத்துவேல் மாடி ஏறி வந்தார். ஐம்பது வயது இருக்கும், கேட் பக்கத்து ரூமிலேயே தங்கியிருப்பவர். வாசலில் பக்கெட் நழுவியது. ஐஸ் தரையெல்லாம். சுவரில் சாய்ந்து நின்றார். கண் செருகியது. ஓடிவந்தவர் போல மூச்சு.

கே.பி. எழுந்து போனார். ஒரு கையில் கிளாஸ். மற்ற கையால் ஒரு அறை.

"குடிச்சிட்டு வந்திருக்கியா? என் கெஸ்ட்டுக முன்னாடி?"

"தண்ணி..." என்றார் முத்துவேல். "தண்ணி..."

"இன்னும் தண்ணி வேணுமாம்ல மாப்ள!" யாரோ. எல்லோரும் சிரித்தார்கள். "இவனுகளுக்குக் குடிக்கத் தெரியாது சார். அதான் பிரச்சினை."

நான் பக்கத்தில் போனேன். முகத்துக்கு நேராக மூச்சு. அழுகத் தொடங்கிய பழம். அதற்கு மேல் நகப்பூச்சு அழிக்கிற திரவம். தினமும் லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வாசனை.

"சார், இது சாராயம் இல்ல. அசிட்டோன். சுகர் எக்கச்சக்கமா ஏறுனா மூச்சுல வர்ற வாடை. இவருக்குச் சுகர் இருக்கா?"

"இதுக்கும் டேஸ்டிங் நோட்ஸா மேடம்?"

மறுபடி சிரிப்பு. ஆறு மூக்கு அந்த ஹாலில். வாரா வாரம் தேனும் ஓக்கும் கண்டுபிடிக்கிற மூக்கு. ஒன்றுகூட அந்த மனுஷன் பக்கம் குனியவில்லை.

செந்தில் அண்ணன் தரையைப் பார்த்தார். "பெருசு பண்ணாத தேவி."

"ஒரு பக்கம் பிடிங்கண்ணே" என்றேன். கத்தியிருக்கிறேன் போல. பிடித்தார். கேட் வரை வந்தார். ஆட்டோவில் ஏற்றினோம். பிறகு திரும்பி மாடிக்குப் போய்விட்டார். கிளாஸ் மேலே இருந்ததல்லவா.

பெரியாஸ்பத்திரி. வழியெல்லாம் முத்துவேல் தலை என் தோளில். இரண்டு முறை வாந்தி. டாக்டர் சின்னப் பெண். அவரைப் பார்ப்பதற்கு முன்னால் என் பக்கம்தான் முகத்தைச் சுளித்தாள்.

"குடிச்சிருக்கீங்களா?"

"நான்தான் குடிச்சிருக்கேன். அவரு குடிக்கலை. சுகர் பாருங்க."

பார்த்தாள். மீட்டரில் நம்பரே வரவில்லை, 'ஹை' என்று மட்டும். அதற்குப் பிறகு யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் ஓடினார்கள். மூன்று மணிக்கு வெளியே வந்து சொன்னாள்: "கொண்டாந்தது நல்லதாப் போச்சு. படுத்துத் தூங்குடான்னு விட்டிருந்தா எந்திரிச்சிருக்க மாட்டாரு."

அவர் மனைவி பேச்சி செல்லூரிலிருந்து வந்துவிட்டாள். அவள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுகர் ஊசி மருந்தை கே.பி. வீட்டுக் கீழ்த்தள பிரிட்ஜில் ஒரு ஓரமாக வைத்திருந்தாராம். இரண்டு வாரம் முன்னால் அதை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். கேட் ரூமில், தகரக் கூரைக்குக் கீழ், இந்த வெயிலில். கெட்டுப்போன மருந்தைத்தான் தினமும் குத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

"பாட்டிலுக்கு இடம் பத்தலையாம் மேடம்" என்றாள்.

விஸ்கியைக் குளிரவைத்தால் வாசம் செத்துப்போகும். அதுகூடத் தெரியாத பிறவி.

ஜூன் 9, திங்கள்

லீவு. கே.பி. வீட்டு வாசலிலிருந்து ஸ்கூட்டரை எடுத்து வந்தேன். மேலே ஏறவில்லை.

நேற்று நடந்ததில் பாக்கி. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வாந்தி, ஆஸ்பத்திரி டெட்டால், அதற்கு அடியில் விஸ்கி. அம்மாவுக்கும் மூக்கு உண்டு. என் மூக்கு வேறு எங்கிருந்து வந்தது?

கதவைத் திறந்தவள் நகரவில்லை. "எம்புட்டு நாளா?"

முத்துவேல் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவரைக் காப்பாத்துனது நல்லது. நான் அதைக் கேக்கல. எம்புட்டு நாளா?"

"அஞ்சு மாசம்."

பீரோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. திட்டுவாள், அழுவாள் என்று நின்றேன்.

"உங்கப்பன் குடிச்சான். ஊரு பாக்கக் குடிச்சான். எங்கிட்ட மறைச்சதில்ல" என்றாள். "நீ மறைச்ச."

உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

ஜூன் 11, புதன்

இரண்டு தூறல். மண் நனையவில்லை.

பேஸ்புக்கில் கே.பி. ஸ்டேட்டஸ்: ஆஸ்பத்திரி வாசல் போட்டோ. 'உடல்நலம் குன்றிய எங்கள் ஊழியருக்கு உரிய நேரத்தில் சிகிச்சை. மனிதமே முதன்மை.' எண்பத்தாறு பேர் கை கூப்பியிருக்கிறார்கள். அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. யாரோ எடுத்த போட்டோ.

மதியம் போன். "மேடம், அன்னைக்கு நடந்ததைக் குரூப்ல எதுவும் போட வேணாம். ஞாயித்துக்கிழமை வாங்க. பதினெட்டு வருசப் பாட்டில் திறக்குறேன், உங்களுக்காகவே."

"ஊசி மருந்தை எடுத்து வெளிய வச்சது யாரு சார்?"

"அதெல்லாம் வேலைக்காரங்க..."

"உங்க மூக்குல ஒண்ணுமே ஏறாது சார். சும்மா சுத்தாதீங்க, கிளாஸ் பாவம்."

வைத்துவிட்டேன். குரூப்பில் முழுவதையும் எழுதினேன், மருந்து, பிரிட்ஜ், கன்னத்து அறை எல்லாம். எழுதிவிட்டு வெளியேறினேன். செந்தில் அண்ணன் கேன்டீனில் என்னைப் பார்த்ததும் தட்டோடு வேறு மேசைக்குப் போனார். அந்தப் பதினெட்டு வருசப் பாட்டிலை நினைத்துக் கொஞ்சம் வயிறு எரிந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். பொய் எதற்கு.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா இன்னும் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். "காபி." "சாவி."

செல்லூர் போனேன். முத்துவேலை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சந்து அவ்வளவு குறுகல், ஸ்கூட்டரை முனையிலேயே விட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசைத்தறி. பேசுவதற்குக் கத்த வேண்டும். ஞாயிறு என்பதால் பன்னிரண்டு மணிக்கு நிறுத்தினார்கள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்து, முகம் தெளிந்து. பேச்சி மோர் கொடுத்தாள். கே.பி. வீட்டு வேலை போய்விட்டதாம். மச்சான் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறார்.

"ஒரு பொய் இருக்கக் கூடாது மேடம்" என்றார் திடீரென்று. "நீங்க என்னையக் குடிக்காதவன்னு சொல்லிக் காப்பாத்திருக்கீங்க. நான் குடிக்கிறவன்தான். அன்னைக்கு மட்டும் தொடலை."

"தெரியும்ணே. அன்னைக்கு வாடை இல்ல. அதத்தான் சொன்னேன்."

சிரித்தார். பேச்சி உள்ளே போகும்வரை பார்த்திருந்து, பிறகு பைய: "இனிமே எனக்கு வாய்க்காது. ஒண்ணு கேக்கவா? மாடியில வச்சிருக்காகளே, அது எப்புடித்தான் இருக்கும்? ரெண்டு வருசமா பெட்டியெல்லாம் தூக்கிட்டுப் போனது நான்தான். மூடியத் திறந்து மோந்துகூடப் பாத்ததில்ல."

சொன்னேன். மால்ட், பேலட் எதுவும் இல்லாமல்.

"திறந்ததும் புகை. ஆவாரஞ்செடி காஞ்சதை எரிச்சா வருமே, அந்தப் புகை. அப்புறம் ஈரச் சாக்கு. கொஞ்ச நேரம் வச்சிருந்தா பேரீச்சம்பழம் வரும், மெதுவா. வாயில வச்சா முதல்ல மிளகு. அப்புறம் கருப்பட்டி. முழுங்குன பெறகும் கருப்பட்டி நாக்குலயே நிக்கும், பத்து நிமிசம்."

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு ஞாயிறு அந்த ஏ.சி. ஹாலில் யாரும் நான் சொன்னதை இப்படிக் கேட்டதில்லை.

"போதும் மேடம்" என்றார். "சுகர் ஏறிரும்."