எறும்பு வராத படலம்

செப்டம்பர் 4, வியாழன்

குரங்கணிப் பக்கம் மேகம் இறங்கி நிற்கிறது. போடியில் நல்ல வெயில்.

பிளாஸ்டிக் தாளுக்குப் பதிலாக நான் செய்யும் படலத்துக்கு எடைச் சோதனை முடிந்தது. வெறும் மரவள்ளி மாவில் செய்த சாதாப் படலம் அரைக் கிலோவிலேயே கிழிந்தது. ஏலத்தட்டையை, அதாவது ஏலக்காய்ச் செடியின் தண்டை, அரைத்து எடுத்த நானோ நார் கலந்தது இரண்டு கிலோவுக்கும் அசையவில்லை! பட்டறைக் கூடத்தில் நான் மட்டும். சுவரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

மதியம் எலுமிச்சைச் சோறு, நார்ப் படலத்தில் கட்டியது. மூன்று வாரமாக அதில்தான். என் பொருளை நானே நம்பாவிட்டால் வேறு எவன் பொட்டலம் கட்டுவான்?

தின்று மிச்சம் வைத்த அதிரசம் சாயங்காலம் வரை படலத்தின் மேலேயே. ஒரு எறும்பு இல்லை. எப்போதும் எறும்பு மொய்க்கும் இந்தக் கூடத்திலா!

ஆறாம் மாதம். வயிற்றுக்குள் இன்று ஏழெட்டு உதை.

செப்டம்பர் 6, சனி

சிலமலைத் தோட்டம். மட்குகிறதா என்று பார்க்கப் புதைத்த துண்டுகளைத் தோண்டினோம். மண்வெட்டி பாண்டி கையில், நோட்டு என் கையில். (கணவர் என்றால் இதற்காவது ஆக வேண்டும்.)

சாதா: மண்ணோடு மண். தேடியும் கிடைக்கவில்லை.

நார் கலந்தது: போட்டபடி. பேனாவில் எழுதிய எண்கூட அழியவில்லை. நார் சேர்ந்தால் கொஞ்சம் தாமதமாகும், தெரியும். இப்படி அல்ல. அதைச் சுற்றி ஒரு சாண் மண்ணில் மண்புழு இல்லை, பூச்சி இல்லை, வேர்கூட விலகிப் போயிருக்கிறது. அந்தச் சாண் தாண்டினால் புழு நெளிகிறது.

“ஏத்தா, வெரசா மூடு. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு” என்றார். தேவாரம் ஊருக்குள் யானை வந்தபோது செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நின்ற மனுஷன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கூடத்தில் வெல்லத்தூள் வைத்துப் பார்த்தேன். வாழை இலை: பத்து நிமிடத்தில் எறும்பு. சாதா: அதேதான். நார்ப் படலம்: வரிசையாக வந்தன, ஒரு விரற்கடை தள்ளி நின்றன, சுற்றிக்கொண்டு போய்விட்டன. ஒன்றுகூடத் தொடவில்லை. ஜன்னல் ஈயும் உட்காரவில்லை.

மதியம் தட்டில் சாப்பிட்டேன். பாண்டி ஏன் என்று கேட்கவில்லை. நல்லவேளை.

உதை இரண்டுதான். தூங்குகிறது போல.

செப்டம்பர் 8, திங்கள். காலை

தூறல். விடிந்ததிலிருந்து அசைவே இல்லை. வெல்லம் தின்றேன். இடப்பக்கம் படுத்தேன். இல்லை.

படலத்தில் சேர்வது: மாவு, கிளிசரின் (கடை). தண்ணீர் (நம் குழாய்). தட்டை. அது மட்டும்தான் மலையிலிருந்து ஊறவைத்தே வருகிறது. அனுப்பும் எஸ்டேட் கங்காணி மாரி அண்ணனைக் கூப்பிட்டேன்.

“எதுல ஊறப்போட்டீக அண்ணே?”

“நீல டிரம்முலதாம்மா. ஏலச்செடிக்குப் பூச்சி மருந்து கலக்குறது. சும்மா போடல, மூணு தண்ணி விட்டு அலசிட்டுத்தான்.”

காஸ்டிக் சோடாவில் வேகவைத்துக் கழுவியிருந்தால் கொஞ்சமாவது போயிருக்கும். ஏலவாசம் நிற்கட்டும் என்று அதை நிறுத்தியது யார்? நான். மூன்று வாரம் அதில் சோறு கட்டித் தின்றதும் நான். ஒரு பாவமும் அறியாதது உள்ளே இருக்கிறது.

பாண்டியிடம் சொல்லிவிட்டேன். உடனே வண்டியை எடுத்தார்.

அதே நாள், மதியம்

ஆஸ்பத்திரி. நர்ஸ் என் வயிற்றில் கருவியை வைத்துத் துடிப்பைத் தேடினார். வெறும் இரைச்சல். இடம் மாற்றினார். இரைச்சல். பாண்டி என் கையை நசுக்கிவிட்டார். அப்புறம் டக், டக், டக். ஓவென்று அழுதேன்.

“துடிப்பு நல்லாருக்கும்மா. ரத்தம் குடுத்துட்டுப் போ. இனி அந்தச் சனியனத் தொடாத” என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாரி அண்ணனை மறுபடி கூப்பிட்டேன். அந்த டிரம்மை உடைத்துப் போடுங்கள் என்றேன். சிரித்தார்.

“ஒடச்சுப் போட்டா குடிதண்ணிய எதுல புடிக்க? இங்க கூலிக்காரவுக லயத்துல வீட்டுக்கு வீடு அந்த மாதிரி மருந்து டிரம்முதான். எத்தன வருசமா குடிக்கிறோம், ஆருக்கும் ஒண்ணும் ஆகலயே.”

“பிள்ளைகளுக்கும் ஒண்ணும் இல்லயாண்ணே?”

அங்கே ஜீப்பு ஒன்று ஏறுகிற சத்தம்.

“எங்க லயத்துல தொட்டில் கட்டியே நாலு வருசமாச்சேம்மா.”