மலைக்கு வேறு கலவை

நேற்று ஆஸ்பத்திரியில் என் முழங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரிக்க நர்ஸ் ஈதர் தொட்ட பஞ்சைத் தேய்த்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன்மேல் எரிச்சல்தான் வந்தது. நீ இறந்துபோய் ஒரு வருஷம் ஆகிறது. துக்கம் வந்திருக்க வேண்டும்.

நான் திருப்பதியில் கல்லூரி ரசாயனக் கூடத்தில் இருந்தேன். நீ புத்தூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. நம் இருவருக்கும் பொதுவாக இருந்தது கட்டைவிரல் பருமனில் ஒரு பொம்மை விமான இன்ஜின். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்தால்தான் ஓடும். சித்திரை வெயிலில் ஈதர் மூடியைத் திறந்தாலே பறந்துவிடும். அதனால் ஈர மணலில் புட்டியைப் புதைத்துவைத்து, விடியற்காலையில் கண்ணாடிக் குழாயில் அளந்து ஊற்றுவேன். நீயோ வந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாய். அளந்து ஊற்றியதில் கையால் இன்னும் கொஞ்சம் சேர்ப்பாய். சேர்த்ததைச் சொல்லவும் மாட்டாய். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் பாழாயின!

ஹார்ஸ்லி மலைக்குப் போனோமே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மேலே குளிர் என்பதால் இன்ஜின் சட்டென்று பிடிக்க ஈதரைச் சற்றுக் கூட்டி, மலைக்கென்று தனியாக ஒரு புட்டி தயார் செய்திருந்தேன். காற்று அங்கே மெலிசு, அதனால் எண்ணெய் விடும் ஊசியை அரைச் சுற்று மூட வேண்டும் என்று மதனப்பள்ளி பஸ்ஸில் உனக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். நீ தலையாட்டினாய். உச்சியில் மூடுபனிக்குள் நின்று ஒரு மணி நேரம் விசிறியைச் சுண்டிச் சுண்டி என் விரல் வீங்கியது. இன்ஜின் இருமியதே தவிர ஓடவில்லை. கடைசியில்தான் வாயைத் திறந்தாய்.

"வெளக்கெண்ண கொஞ்சம் சேத்தேன்டா. இல்லன்னா இஞ்சினு தேஞ்சிடும்."

இருந்த ஈதரை வைத்து மறுபடி கலந்தேன். பனி விலகியது, இன்ஜின் பிடித்தது. தொட்டியில் கால்வாசி மட்டும் ஊற்று, இருபது எண்ணுவதற்குள் நின்று இங்கேயே இறங்கிவிடும் என்று சொல்லிவிட்டு இறக்கையைச் சரிபார்க்கத் திரும்பினேன். நீ விளிம்புவரை நிரப்பிவிட்டாய். நூறு எண்ணியும் சத்தம் நிற்கவில்லை. ஆறு மாதம் ஒட்டி ஒட்டிச் செய்த விமானம் பள்ளத்தாக்கைத் தாண்டிப் புள்ளியாகி மறைந்தது. நான் கத்தினேன். நீ அண்ணாந்து பார்த்தபடியே, "நல்லாப் போய்க்கினு இருக்குதுடா, பாதில இன்னாத்துக்கு நிறுத்தணும்?" என்றாய்.

அதற்குப் பிறகு ஆந்திராவோடு இருந்த எல்லைத் தகராறு முடிந்து, திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற பட்டியலை உன் ஆபீசில் நீதான் நகல் எடுத்தாய். உன் ஊர் அந்தப் பக்கம் விழுந்ததையும், மாற்றல் உத்தரவு வந்ததையும் மூட்டை கட்டிய பிறகே சொன்னாய். கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாய் என்று நினைத்துவிட்டேன். ஸ்டேஷனுக்குக்கூட வரவில்லை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்துகொண்டு, வருஷத்துக்கு ஒரு கார்டோடு நிறுத்திக்கொண்டோம். அந்தக் கார்டுகளிலும் உன் நெஞ்சு வலியைப் பற்றி ஒரு வரி இல்லை.

துக்கம் கேட்கத் திருத்தணிக்கு வந்தபோது உன் மனைவி காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"திருப்பதி பக்கமே இருக்கறேன்னு ரெண்டு தரம் எழுதிக் குடுத்தாரு அண்ணா. சொந்த ஊரு அங்கதானே, போய்த்தான் ஆவணும்னுட்டாங்க. உங்களாண்ட சொல்லலியா?"

தெரியும் என்று தலையாட்டிவிட்டு, திரும்பும் பஸ்ஸில் நகரிவரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். விளக்கெண்ணெய் சேர்த்ததைச் சொல்லவில்லை, போகட்டும். இதையுமா?

புத்தூர் தாண்டியபோது வேறொன்று உறைத்தது. மலையில் இன்ஜின் ஓடாதபோது என்ன சேர்த்தாய், எவ்வளவு சேர்த்தாய் என்று உன்னைக் குடைந்து குடைந்து கேட்டவன் நான். நீ ஊரைவிட்டுக் கிளம்பியபோது ஏன் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்மேல் உள்ள கோபம் அநேகமாக ஆறிவிடும். கேட்காமல் விட்ட அந்த வார்த்தைதான் என்னிடமே தங்கிவிட்டது.