இருண்டுபோன திரையும் என் வீரமும்

மகாராணிக்கு, உன் அடிமை நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இப்போது சொல்லப்போவதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள், நீயும்தான்.

நேற்று என் லினக்ஸ் கணினியில் திரையை இயக்கும் புது கிராபிக்ஸ் டிரைவரைப் போட்டேன். திரை கன்னங்கரேலென்று இருண்டு, தெருவிளக்குகளையும் சேர்த்து விழுங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில், ஊரிலிருக்கும் உன்னை எதில் பார்ப்பது?

"அண்ணே, கணினி தொடங்கும்போது வர்ற பூட் மெனுவுல பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்க, புது டிரைவர் சேராத பழைய சிஸ்டம் எழும்பும்," என்றான் அறைத்தோழன்.

"எமன்கிட்டயே போய்ட்டு வருவேன், மெனு என்னடா மெனு!" என்று பாய்ந்தேன். நான் விசையை அழுத்திய வேகத்தில் கட்டடமே ஓரடி நகர்ந்தது. பழைய கெர்னல் எழுந்ததும் புது டிரைவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன்.

இனிமேல் பேசும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார். உன் முகம் பாதிதான் தெரிகிறது. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

என் வீரத்தையெல்லாம் நம்பாதே. ஆனால் திரை தெளிந்ததும், பின்னணிப் படத்தில் இருந்த உன்னைப் பார்த்து, "வந்துட்டியாடி?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அது மட்டும் நிஜம்.