பிடிஎஃப்பில் ஒரு முகம்

செவ்வாய், இரவு. திருப்பதி.

மாணவர் விடுதி விண்ணப்பத் தளத்தில் கோப்புகளைப் பிரிக்கும் விதி நான் எழுதியது. பிடிஎஃப் என்றால் சான்றிதழ், ஜேபிஜி என்றால் போட்டோ. இன்று ராமகுப்பத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். போட்டோ இல்லையென்று அவர் மகளின் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டதாம்.

“போட்டோவும் பிடிஎஃப் பண்ணிக்கினுதான் போட்டோம், மேடம். ஆபீசுக்குன்னா பிடிஎஃப்தானே? நெட் சென்டர்ல எல்லாருக்கும் அப்படித்தான் பண்றாங்க.”

தேடினேன். சான்றிதழ்களுக்கு நடுவே அந்தப் பெண்ணின் முகம் இருந்தது.

பக்கத்து மேசை சுதாகர் சிரித்தான். “ரூல் கரெக்டே மேடம். ஜனங்கதான் தப்பா ஏத்தறாங்க.”

காலைவரை நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். போட்டோவுக்குத் தனி இடம் வைத்தேன். அதில் எது வந்தாலும் போட்டோதான். அவள் விண்ணப்பத்தை மீண்டும் சேர்த்துவிட்டேன்.

எல்லாருக்கும் அப்படித்தான் என்றாரே. மற்றவர்கள் யாரும் போன் செய்யவில்லை.